கற்பூரவள்ளிக்குப் பக்கத்தில் காராமணி போடலாமா?

மாடித்தோட்டக்காரர்கள் நடுவில் ஒரு பட்டியல் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தச் செடிக்குப் பக்கத்தில் எது ஆகும், எது ஆகாது என்று. தக்காளியும் திருநீற்றுப்பச்சிலையும் சிநேகிதம், சோம்பும் பீன்ஸும் ஜென்மப் பகை, துளசிக்குப் பக்கத்தில் அவரை போடவே போடாதீர்கள், கற்பூரவள்ளி இருக்கும் தொட்டியில் காராமணி முளைக்காது என்றெல்லாம் போகும். யார் பார்த்தது, எந்த மண்ணில் பார்த்தது, எவ்வளவு தள்ளி வைத்தால் பரவாயில்லை, ஒரு விவரமும் இருக்காது. போன மாதம் எங்கள் குடியிருப்புக் குழுவில் இதை வைத்து ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம் "எல்லாம் அறிவியல்" கட்சி, இன்னொரு பக்கம் "எல்லாம் புருடா" கட்சி. இரண்டு கட்சியிலும் சேர முடியாமல் உட்கார்ந்திருந்த ஆள் என்பதால் இங்கே வந்து எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், வாசனைச் செடிகளின் சாறும் ஆவியும் பயறு வகைகளின் முளைப்பைத் தடுக்கும் என்பது உண்மை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆனால் டப்பாவுக்குள் நடப்பது மண்ணில் அப்படியே நடப்பதில்லை. அதனால் பக்கத்தில் எந்தச் செடி நிற்கிறது என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, வேறு இரண்டு மூன்று இடங்களில் கவனமாக இருந்தால் போதும் என்பது என் கட்சி.

முதலில் அந்த வாசனை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கற்பூரவள்ளி இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் மேலே பூனைமுடி மாதிரி பொடிப்பொடியாக நிற்பது தெரியும். கையில் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது, இலையின் அடிப்பக்கத்தில் மினுமினுவென்று சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். விரலால் தேய்த்ததும் உடைந்து வாசனை கிளம்புகிறது. கற்பூரவள்ளியில் இருப்பது கார்வக்ரால், தைமால் என்று இரண்டு சரக்கு. ஓமத்தில் இருப்பதும் அதே தைமால்தான், அதனால்தான் அந்தச் செடியை ஓமவல்லி என்றும் சொல்கிறோம். துளசியில் யூஜினால், கிராம்பில் இருப்பதும் அதுவே. எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், தைலமரத்தில் சினியோல், திருநீற்றுப்பச்சிலையில் லினலூல். புதினா என்றதும் எல்லோரும் மெந்தால் என்பார்கள். ஆனால் நாம் சட்னிக்கு வாங்கும் புதினாவில் பெரும்பாலும் இருப்பது கார்வோன். மெந்தால் எடுப்பது உத்தரப் பிரதேசத்தில் பராபங்கி, ராம்பூர் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிற வேறு ஒரு புதினாவிலிருந்து.

இவற்றைச் செடி உண்டாக்கிக்கொள்வது நமக்கு ரசம் வைக்க அல்ல என்பது தெரிந்ததுதான். பூச்சி கடிக்காமல் இருக்க, பூஞ்சை ஏறாமல் இருக்க, ஆடு ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போக. பக்கத்து விதையை முளைக்க விடாமல் செய்வதும் இதில் ஒரு வேலையா, அல்லது தற்செயலாக நடப்பதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

விதைக்குள் என்ன நடக்கிறது? காய்ந்த உளுந்தோ பாசிப்பயறோ தண்ணீர் பட்டதும் மடமடவென்று குடித்து உப்பும். அத்தனை நாள் உறங்கிக் கிடந்த செல்கள் விழித்து மூச்சு விட ஆரம்பிக்கும், சேமித்து வைத்த மாவுச்சத்தும் புரதமும் கரையத் தொடங்கும், முளைவேர் நுனியில் செல்கள் பிரிந்து பெருகும். வாசனை எண்ணெய்கள் எல்லாம் கொழுப்பில் கரைகிறவை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பு. அதனால் தண்ணீரோடு உள்ளே போய் நேராகச் சவ்வில் ஏறிக்கொள்கின்றன. சவ்வு ஓட்டையானால் உள்ளே இருக்கும் உப்புகள் ஒழுகும், மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சு தடைபடும், செல் பிரிவது நின்றுபோகும். எல்லா எண்ணெயும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. ஆக்சிஜன் சேர்ந்த கார்வக்ரால், தைமால், யூஜினால், கார்வோன், கற்பூரம் போன்றவை கடுமையானவை. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனின், பைன் மரத்துப் பைனீன் மாதிரி வெறும் ஹைட்ரோகார்பன்கள் பொதுவாக அந்த அளவுக்கு இல்லை.

இதில் எல்லோரும் கோட்டை விடும் ஒரு விஷயம் இருக்கிறது. நூறு பயறு போட்டு எத்தனை முளைத்தது என்று மட்டும் எண்ணிவிட்டு, "பாதிப்பே இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அடி வாங்குவது பெரும்பாலும் முளைப்பு எண்ணிக்கை அல்ல, வேரின் நீளம். பயறு தோலைப் பிளந்துகொண்டு மூக்கை நீட்டிவிடும், கணக்கில் முளைத்தது என்று வந்துவிடும். அப்புறம் அந்த மூக்கு அங்கேயே நின்றுபோகும்.

நான் செய்து பார்த்தது ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை, சமையலறை வேலை. நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, நூறு மில்லி தண்ணீருக்கு ஐந்து கிராம் என்று ஒரு நாள் ஊறவிட்டு வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டேன். சின்ன டப்பாக்களின் அடியில் டிஷ்யூ தாள், மேலே காராமணி, அதன்மேல் இந்தத் தண்ணீர். இன்னொரு டப்பாவில் வெறும் தண்ணீர். டப்பாக்களை ஒரே அலமாரிக்குள் வைத்து மூடாதீர்கள். ஆவி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வெறும் தண்ணீர் டப்பாவையும் கெடுத்துவிடும், வித்தியாசமே தெரியாது.

வெறும் தண்ணீரில் இருந்த காராமணி எல்லோருக்கும் தெரிந்தபடி வந்தது. வெள்ளை வெளேரென்ற வேர், வளைந்து தாளைத் துளைத்துக்கொண்டு போக, அதன் மேல் பஞ்சு மாதிரி வேர்த்தூவி. துளசியில் வேர் குட்டை, கொஞ்சம் தடிப்பு, தூவி அங்கங்கே மட்டும். புதினா நான் பயந்த அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை, உலர்த்தும்போதே பாதி வாசனை பறந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொத்தமல்லியில் பெரிய வித்தியாசமே இல்லை. கற்பூரவள்ளிதான் முரடு. பயறு உப்பியது, தோல் பிளந்தது, நகக்கண் அளவுக்கு வேர் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். நுனி முதலில் மஞ்சளாகி, மறுநாள் தேயிலைக் கறை மாதிரி பழுப்பேறி, விரலால் தொட்டால் மெத்தென்று நசுங்கியது. ஒரு தூவி கிடையாது. பருப்பு மட்டும் கல்லு மாதிரி பச்சையாகவே கிடந்தது.

இலையைத் தண்ணீரில் போடாமல், பச்சையாகக் கசக்கி ஒரு மூடியில் வைத்து, பயறைத் தொடாதபடி அதே டப்பாவில் இறுக்கி மூடியும் வைத்துப் பார்த்தேன். வெறும் ஆவியே போதுமாக இருந்தது. வேர் குட்டையாகிவிட்டது. சரி, முதலில் செய்த இலைத் தண்ணீரையே பத்துப் பங்கு தண்ணீர் விட்டு நீர்த்தால்? துளசியில் தடுப்பது போய், சில பயறுகளில் வேர் கொஞ்சம் நீளமாகவே வந்த மாதிரி இருந்தது. இது என் கண்மயக்கு அல்ல. அதிக அளவில் தடுக்கும் சரக்கு மிகக் குறைந்த அளவில் தூண்டிவிடுவது இந்தத் துறையில் சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. அதனால் "துளசிச் சாறு பயிருக்கு நல்லது" என்று ஒருவரும் "கெடுதல்" என்று ஒருவரும் எழுதினால் இருவரும் தங்கள் டப்பாவில் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் அதே கற்பூரவள்ளித் தண்ணீரை, தோட்டத்து மண் நிரப்பிய தொட்டியில் காராமணி போட்டு ஊற்றினேன். ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

இதுதான் விஷயமே. தாளின் மேல் பயறுக்கும் சாறுக்கும் நடுவில் எதுவும் இல்லை. மண்ணில் களிமண் துகளும் மக்கும் இந்த எண்ணெய்களைப் பிடித்துக்கொள்கின்றன, நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன, மேல்மண்ணிலிருந்து பாதி காற்றோடு போய்விடுகிறது. அதோடு ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று நாம் கலக்கும் சாறு அளவுக்கு எந்த மழையும் ஒரு செடியைக் கழுவி வேர்க்காலில் இறக்குவதில்லை. இன்னொரு சூட்சுமமும் உண்டு. கெட்டியான எந்த இலைச்சாறிலும் உப்பும் சர்க்கரையும் கரைந்திருக்கும், அதனால் பயறு தண்ணீரை உறிஞ்சுவதே கஷ்டமாகும். அதாவது கீரைத்தண்டைக் கெட்டியாக அரைத்து ஊற்றினாலும் முளைப்பு கொஞ்சம் குறையத்தான் செய்யும். போதாததற்கு இரண்டாம் நாள் அந்தச் சாறு புளித்துக் கொழகொழவென்று ஆகி, பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறி பயறை அழுக வைக்கும். வாசனை இல்லாத ஒரு இலையின் சாறையும், அதே அளவு உப்புக் கரைசலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத சோதனையை நான் பாதிதான் நம்புவேன். கல்லூரி மாணவர்கள் பட்டப்படிப்புக்குச் செய்யும் இந்தமாதிரி சோதனைகளில் நிறைய இந்தப் பாதியோடு நின்றுவிடுகின்றன. மலிவான வேலை, தட்டும் வடிதாளும் இருந்தால் முடிந்தது. அதனால்தான் "இந்த இலை அந்தப் பயறைத் தடுக்கிறது" என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. கிரேக்கத்துத் தியோஃபிராஸ்டஸ் 2,300 வருஷத்துக்கு முன்பே செடிகளைப் பற்றி எழுதியபோது, கொண்டைக்கடலை மற்ற பயறுகள் மாதிரி நிலத்துக்குத் தெம்பு தராது, சோர வைக்கும், ஆனால் களைகளை ஒழிக்கும், அதிலும் நெருஞ்சியைச் சீக்கிரம் ஒழிக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். கவனியுங்கள், அங்கே குற்றவாளி பயறு. பயறுக் குடும்பம் ஒன்றும் அப்பாவி இல்லை. பூனைக்காலி விதையிலும் இலையிலும் இருக்கும் எல்-டோபா மற்ற செடிகளின் வேரை முடக்கும். குதிரைமசால் தன் நிலத்தில் தன் விதையையே மறுபடி சரியாக வர விடாது. செடிக்குச் செடி வேதிப்பொருளால் செய்யும் இந்த வேலைக்கு அல்லெலோபதி என்று 1937-இல் பெயர் வைத்தவர் வியன்னாவின் ஹன்ஸ் மோலிஷ்.

வாசனைச் செடி என்று வந்தால் எல்லோரும் போய் நிற்கும் இடம் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா. அங்கே மலைச்சரிவுகளில் ஊதா சேஜ், கலிஃபோர்னிய ஆர்டிமீசியா (நம் மரிக்கொழுந்தின் சொந்தக்காரச் செடி) என்று வாசனைப் புதர்கள் திட்டுத் திட்டாக வளரும். ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் ஒன்றிரண்டு மீட்டருக்கு வெறும் தரை, அதற்கு அப்பால்தான் புல். மேலிருந்து பார்த்தால் வட்டம் போட்ட மாதிரி தெரியுமாம். கார்னீலியஸ் முல்லர் என்கிற தாவரவியலாளர் 1964-இல் சயின்ஸ் இதழில் இதற்கு விளக்கம் எழுதினார். புதரிலிருந்து சினியோலும் கற்பூரமும் ஆவியாகி, காய்ந்த மண்ணில் படிந்து, மழை வந்ததும் முளைக்கிற விதையை முடக்குகின்றன என்று. வெள்ளரி விதையை மூடிய பாத்திரத்துக்குள் இந்த இலைகளோடு வைத்து வேர் குட்டையாவதையும் காட்டினார். கதை கச்சிதம். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஆறு வருஷம் கழித்து, 1970-இல், அதே சயின்ஸ் இதழில் புரூஸ் பார்தலோமியு என்பவர் எழுதினார். அவர் செய்தது மிக எளிய காரியம். அந்த வெறும் தரையில் கம்பிவலைக் கூண்டு வைத்தார். எலியும் முயலும் உள்ளே வர முடியாது, ஆவி தாராளமாக வரும். கூண்டுக்குள் புல் வளர்ந்துவிட்டது. புதருக்குள் பதுங்கியிருக்கும் எலியும் முயலும் பருந்துக்குப் பயந்து தூரம் போகாமல், புதர் ஓரத்தில் ஒன்றிரண்டு மீட்டர் வரைக்கும் வந்து விதையையும் தளிரையும் மேய்ந்துவிட்டுத் திரும்ப ஓடிவிடுகின்றன. வட்டம் போட்டது பெரும்பாலும் அவை. முல்லரின் டப்பாச் சோதனை பொய்யா என்றால் இல்லை, வெள்ளரி வேர் குட்டையானது நிஜம். அந்தச் சரிவில் புல் இல்லாததற்கு அது காரணமா என்பதுதான் கேள்வி. எனக்கு இந்தக் கம்பிவலைக் கூண்டு மேல் ஒரு தனி மரியாதை. வாட்ஸப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு யாராவது ஒரு கூண்டு வைத்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ எல்லாம் புருடாதானே" கட்சிக்குப் போய்விடாதீர்கள். மூடிய இடத்தில் இது வேலை செய்யும், காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு வேலை செய்யும். நெதர்லாந்தில் கேரவே (சீரகம் மாதிரி ஒரு மசாலா) விதையிலிருந்து எடுத்த கார்வோனை உருளைக்கிழங்குக் கிடங்குகளில் முளை கட்டாமல் இருக்க ஆவியாக விட்டார்கள். கிராம்பு எண்ணெயும் அதே வேலைக்குப் பயன்படுகிறது. சினியோல் வகை மூலக்கூறைப் பின்பற்றி உண்டாக்கிய சின்மெத்திலின் என்கிற களைக்கொல்லி, எண்பதுகளில் வந்து காணாமல் போய், இப்போது ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் பாருங்கள், எல்லாமே ஒன்று அடைத்த கிடங்கு, இல்லையென்றால் பிழிந்து எடுத்த சரக்கு. செடி சும்மா பக்கத்தில் நிற்பது வேறு.

சும்மா நிற்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. விளாத்திகுளம், புதூர் பக்கம் கரிசல் நிலத்தில் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி மானாவாரியாக உளுந்து, பாசி, மல்லி, கொண்டைக்கடலை, மிளகாய் என்று கலந்து கட்டி விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சித்தப்பாவிடம் போனில் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "மல்லிகூடக் கடலை போடக் கூடாதுன்னு யாருப்பா சொன்னது? மல்லி பூத்து நின்னாத்தான் கடலைக்குப் புழு கம்மியா இருக்கும்" என்றார். அவர் அனுபவத்தில் சொன்னதற்கு ஆராய்ச்சிப் பக்கமும் ஆதாரம் உண்டு. கொண்டைக்கடலைக்கு நடுவே கொத்தமல்லி ஊடுபயிர் போட்டால் அந்தப் பூவில் தேன் குடிக்கக் காம்போலெட்டிஸ் என்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் வரும், அவை காய்ப்புழுவின் இளம் புழுக்களுக்குள் முட்டை வைத்துவிடும். காய்ப்புழுக் கட்டுப்பாட்டில் இதைச் சிபாரிசே செய்கிறார்கள். ஒரு வாசனைச் செடி, ஒரு பயறு, ஒரே வயல், லாபம் பயறுக்கு. கொத்தமல்லிச் சாறைக் கெட்டியாக எடுத்துத் தட்டில் ஊற்றினால் இதே கொண்டைக்கடலையின் வேர் குட்டையாகலாம், அது வேறு கதை.

பயறுகள் எல்லாம் ஒரே மாதிரி அடி வாங்குவதும் இல்லை. பெரிய விதைகளுக்குச் சேமிப்பு அதிகம், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இந்தச் சோதனைகளுக்கு ஆய்வகத்தில் லெட்யூஸ் விதையை அதிகம் எடுப்பதே, அது பொடிவிதை, லேசாகப் பட்டாலும் சுருண்டுவிடும் என்பதால்தான். அந்தக் கணக்கில் மொச்சையும் கொண்டைக்கடலையும் முரட்டு ஆட்கள், வெந்தயமும் குதிரைமசாலும் நோஞ்சான்கள். (வெந்தயமே ஒரு பயறு, அதுவே ஒரு வாசனைச் செடியும்கூட. பட்டியல் போடுகிறவர்கள் அதை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று எனக்கு ஆர்வம்.) இன்னொரு விஷயம், பயறுக்கு முளைத்தால் மட்டும் போதாது, வேர் முடிச்சில் ரைசோபியம் என்கிற, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா குடியேற வேண்டும். கார்வக்ராலும் தைமாலும் பாக்டீரியாவைக் கொல்வதில் கெட்டிக்காரச் சரக்கு. ஆகவே ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்கிறவர்கள் அதோடு துளசிச் சாறு, கற்பூரவள்ளிச் சாறு என்று பூச்சிவிரட்டி எதையும் சேர்த்துக் கலக்காமல் இருப்பது நல்லது. தனித்தனியாகச் செய்யலாமே, என்ன அவசரம்.

சரி, எங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்?

பச்சைத் தழையை மண்ணில் போட்டதும் விதைக்கிற இடத்தில். கற்பூரவள்ளியைக் கவாத்து செய்து, வெட்டிய தண்டையும் இலையையும் அதே தொட்டியில் மூடாக்காகப் போட்டுவிட்டு அன்றைக்கே பயறை ஊன்றினால், நீங்கள் டப்பாச் சோதனையைத் தொட்டியில் செய்கிறீர்கள் என்று அர்த்தம். தைலமரச் சருகும் அப்படித்தான், நொச்சித் தழையும் அப்படித்தான். நெல்வயலுக்கு நொச்சி, ஆடாதோடை, எருக்கு என்று தழை மிதிப்பது நம் பக்கத்தில் பழைய பழக்கம், ஆனால் மிதித்த மறுநாள் யாரும் நடவு போடுவதில்லை. சேற்றில் அழுக விட்டுத்தான் நடுவார்கள். பயறுக்கும் அதே கணக்கு. ஒன்றிரண்டு வாரம் ஈரத்தோடு மக்கவிட்டால் வாசனை போய்விடும். மூக்கை வைத்துப் பாருங்கள், இலை வாசம் இல்லாமல் மண்வாசம் வந்தால் ஊன்றலாம். மாடியில் வெறும் தேங்காய்நார்க் கழிவில் செடி வைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், அதில் களிமண்ணும் இல்லை, நுண்ணுயிரும் மண்ணில் இருக்கிற அளவுக்கு இருக்காது.

ஒரே தொட்டியில் இரண்டையும் திணிக்கும் இடத்திலும் பிரச்சினை வரும், ஆனால் அதற்குப் பழியை வாசனை மேல் போடாதீர்கள். பழைய கற்பூரவள்ளித் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண்ணைவிட வேர் அதிகமாக இருக்கும். புதினா இன்னும் மோசம், தொட்டி முழுக்க ஓடுதண்டு. அதற்குள் ஒரு காராமணியை ஊன்றினால் தண்ணீர் கிடையாது, வெளிச்சம் கிடையாது, எப்படி வரும்? அங்கே மணத்தக்காளி இருந்தாலும் இதே கதிதான். தனித்தொட்டியில் போட்டு, பக்கத்தில் ஒட்டி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. திறந்த மாடிக் காற்றில் அந்த ஆவி எந்தப் பயறையும் முடக்கும் அளவுக்குச் சேராது. துளசி மாடத்தைச் சுற்றி ஒன்றும் முளைப்பதில்லை என்று சொல்லும் பாட்டிகள், அந்த இடத்தைத் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, விதை சேமிப்பு. என்னைக் கேட்டால் நிஜமான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பயறு வண்டு வராமல் இருக்க நொச்சி இலை, வேப்பிலை, வசம்பு என்று போட்டு வைப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம். நன்றாகக் காய்ந்த விதையில், காய்ந்த இலையில் பெரிய கெடுதல் வராது, காய்ந்த விதைக்குள் எந்த வேலையும் நடப்பதில்லை. ஆனால் இப்போது கடையில் யூகலிப்டஸ் எண்ணெய், கிராம்பு எண்ணெய், புல்தைலம் எல்லாம் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது, "ரசாயனம் வேண்டாம், நாலு சொட்டு இதை விடுங்கள்" என்று வீடியோ போடுகிறார்கள். இலையில் ஒரு சதவீதம் இருப்பதே பெரிது, பாட்டிலில் இருப்பது முழுக்க அதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் விதையோடு அடைத்துவிட்டால் ஆவிக்குப் போக்கிடம் கிடையாது, விதைத்தோலில் ஏறிக்கொள்ளும், விதைக்கும்போது தண்ணீர் பட்டதும் வேலையைக் காட்டும். கற்பூர வில்லை போட்டு வைப்பதும் இதே ரகம். சமையல் பயறு என்றால் வாசம் அடிப்பதோடு போயிற்று, விதைப்பயறு என்றால் வேண்டாம்.

விதைக்கு எடுத்து வைப்பதை வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, இலை போடுவதானால் சருகாகவே போட்டுச் சாக்கிலோ பானையிலோ வையுங்கள். விதைக்கும் முன் வெளியே எடுத்து ஒரு நாள் காற்றாட விரித்துவிட்டு, நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பு பாருங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தாமல் வேர் நீளமும் பாருங்கள், நுனி வெள்ளையா பழுப்பா என்றும் பாருங்கள். உளுந்து, பாசி, காராமணிக்குச் சான்று விதையில் கேட்பதே குறைந்தது 75 சதவீதம் முளைப்பு. அதற்குக் கீழே போனால் வேறு விதை வாங்கிக்கொள்ளலாம், நொச்சி இலை போட்டு வைத்திருந்த பழசைக் கழுவி ஊறப்போட்டு வடைக்கு அரைத்துவிடலாம். வசம்புப் பொடி கலந்ததை மட்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம், அதில் இருக்கும் பீட்டா அசரோன் என்கிற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.